ஒரு ஜிபியும், வேலூருக்குச் சுற்றிப் போன பேருந்தும்

இந்தப் பதிவில் சொல்லப்போகிறவை:

1. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டை வைத்து வேலூரில் சிம் வாங்குவது.
2. ஒரு நாளைக்குக் கிடைக்கும் ஒரு ஜிபியை இரவுவரை காப்பாற்றுவது.
3. வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் போய்ச் செருப்பு வாங்கித் திரும்புவது.
4. யாரிடமும் இணையம் கேட்டுத் தொந்தரவு செய்யாமல் இருப்பது.

ஈப்போவில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி கமலாவின் வலது பாதத்தில் அறுவை சிகிச்சை செய்வதற்காக ஜனவரியில் வேலூர் வந்தோம். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடியில் இரண்டு மாதமாக வாசம். சிகிச்சைக்காக வந்து தங்கப்போகிறவர்களுக்கு உதவுமே என்றுதான் எழுதுகிறேன். உதவுமா என்று எனக்கே சந்தேகம்தான்.

முதலில் சிம். பாஸ்போர்ட், விசா, புகைப்படம், இவற்றோடு உள்ளூர்க்காரர் ஒருவருடைய எண்ணும் கேட்பார்கள். எங்கள் லாட்ஜ் மேனேஜர் தன் எண்ணைக் கொடுத்தார். சிம் உயிர்பெற ஒன்றரை நாள் ஆனது. இருவருக்கும் ஒன்று போதும் என்று முடிவு செய்தவன் நான். என் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டால் கமலாவின் கைப்பேசிக்கும் இணையம் வரும். நான் வெளியே போனால் அவளுக்கு வராது. கடையில் நிற்கும்போது இது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது ஒரு ஜிபி. நள்ளிரவில் கணக்குப் புதிதாகத் தொடங்கும். மிச்சம் மறுநாளுக்கு வராது. படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். வீடியோக்களைக் குறைந்த தரத்தில் பாருங்கள். வரைபடத்தை எங்காவது இலவச வைஃபை கிடைக்கும்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் வேலூரை மட்டும் இறக்கி வைத்திருந்தேன், ஆம்பூரை இறக்கவில்லை.

இனிப் பயணம். அன்று வெள்ளிக்கிழமை. ஈப்போவில் இரவு ஏழரை மணிக்கு எங்கள் ஒரே மகன் கதிரின் நிச்சயதார்த்தம். இங்கே அது மாலை ஐந்து மணி. கட்டுப்போட்ட காலோடு விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், நாங்கள் வீடியோ அழைப்பில்தான் கலந்துகொள்ள வேண்டும். கமலா முதல் நாளே பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிலில் விரித்து வைத்துவிட்டாள்.

காலையில் பழைய கட்டைப் பிரித்துப் புதிதாகப் போட்ட டாக்டர், மெத்தென்ற செருப்பு கிடைத்தால் இன்றே நாலு அடி நடக்கலாம் என்றார். கமலாவுக்கு ஆசை வந்துவிட்டது. "நின்னுக்கிட்டே என் புள்ளைக்கு ஆசீர்வாதம் பண்ணணுங்க. ஆம்பூர்ல கிடைக்குமாம். நீங்க இங்க உக்காந்து மணி பாக்கிறதுக்கு, போய் வாங்கிட்டு வாங்களேன்."

இரண்டு பாதங்களையும் தாளில் வரைந்துகொண்டு, 10.45-க்குப் புதிய பேருந்து நிலையத்தில் ஏறினேன். தூரம் சுமார் ஐம்பது கிலோமீட்டர், கட்டணம் 42 ரூபாய். 12.10-க்கு ஆம்பூர். சாயங்காலத்துக்காக இணையத்தை அணைத்து வைத்திருந்தேன்.

பஜாரில் ஏற்றுமதியில் கழித்த செருப்புகளை விற்கும் கடையைக் கண்டுபிடித்து நுழைந்தபோது, கடைக்காரர் தொப்பியைத் தலையில் வைத்தபடி ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஜும்மாவுக்கு டைம் ஆச்சு சார். ரெண்டு மணிக்குத் தொறப்பேன். போய் பிரியாணி சாப்ட்டு வாங்க."

"அஞ்சு மணிக்குள்ள நான் வேலூர்ல இருக்கணுமே?"

"அதுக்கு இன்னா சார், தாராளமா போய்டலாம். பேஜார் ஆவாதீங்க."

வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகைக்காக ஆம்பூரில் பாதிக் கடைகள் மூடியிருக்கும் என்பதை எல்லாத் திட்டமும் போட்ட நான் யோசிக்கவில்லை. பிரியாணி சாப்பிட்டேன், 180 ரூபாய். கூடவே வைத்த கத்திரிக்காய்த் தொக்கைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம்.

சொன்னபடி இரண்டு மணிக்குக் கடை திறந்தது. நான் தாளைக் கூச்சத்தோடு நீட்டினேன். இடது கால் ஆறு. வலது கால் வீங்கி எட்டுக்கு வந்திருந்தது. இரண்டு ஜோடி வாங்கி இரண்டை வீணாக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவர் ஒரு மூட்டையைத் தரையில் கவிழ்த்தார். எல்லாம் ஒற்றைச் செருப்புகள்.

"இதெல்லாம் ஜோடி தொலைச்சதுங்க சார். உங்க வீட்டம்மாவுக்குன்னே காத்துக்கிட்டு இருந்துச்சுங்க" என்று சிரித்தபடி, ஒரே நிறத்தில் ஒரு ஆறையும் ஒரு எட்டையும் தேடி எடுத்தார். 350 ரூபாய். கிளம்பும்போது, "பஸ் டைம் பாக்கணுமா? நம்ம வைஃபை இருக்குது, போட்டுக்குங்க" என்றார். வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். மேலே நான்காவதாகச் சொன்ன கொள்கைதான் காரணம்.

3.10-க்குப் பேருந்து நிலையத்தில் 'வேலூர்' என்று பலகை போட்ட வண்டி நின்றது. ஜன்னலோர இருக்கை காலி. யாரையும் கேட்காமல் ஏறினேன். கால் மணி நேரம் கழித்தும் நெடுஞ்சாலை வரவில்லை, குன்றுகள்தான் வந்தன. பக்கத்தில் லுங்கிக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்த குடியாத்தம்காரரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இது வேலூர்தானே போகுது?"

"போவுது சார். பேரணாம்பட்டு, குடியாத்தம் எல்லாம் சுத்திக்கினு போவுது."

"போர்டுல வேலூர்னு போட்டிருந்ததே?"

"போர்டு பொய் சொல்லல சார். எப்ப போய்ச் சேரும்னு போடல, அவ்ளோதான்."

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு வரைபடம் போடச் சொல்லிக்கொடுத்தவன் நான். இறங்கித் திரும்பினால் இன்னும் தாமதமாகும் என்றார் லுங்கிக்காரர். ஆறு மணிக்குத்தான் வேலூர். அறையில் கமலா புடவை கட்டித் தயாராக, இணையமில்லாத கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரே பிள்ளையின் நிச்சயதார்த்தம். நான் சேமித்த ஜிபி முழுசாக என் சட்டைப்பையில்.

மேனேஜரைக் கூப்பிட்டு, அவளுக்குக் கொஞ்சம் இணையம் தரமுடியுமா என்று கேட்கலாம். நடுவழியில் சிக்னல் இல்லை. உண்மையைச் சொன்னால், பேரணாம்பட்டில் இருந்தது. கைப்பேசியை எடுத்தேன்; எப்படிக் கேட்பது என்று வாக்கியத்தை மனதில் ஒழுங்குபடுத்துவதற்குள் மறுபடி போய்விட்டது. குடியாத்தம் நெருங்கும்போது, அதற்குள் என்னிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த லுங்கிக்காரர் பொறுமையிழந்தார்.

"கேளு சார்! உன் சொத்தையா எழுதி வாங்கப் போறான்?"

கூப்பிட்டேன். மூன்று முறையும் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. குடியாத்தத்தில் வண்டி நின்றபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. அம்மாவால் வர முடியவில்லை என்று கதிரிடம் நானே சொல்லிவிட வேண்டியதுதான். இணையத்தைப் போட்டு அழைப்பில் சேர்ந்தேன்.

திரையில் ஒரு கட்டத்தில் கதிரும் பெண்ணும். இன்னொன்றில் பட்டுப்புடவையில் கமலா. அவளுக்குப் பின்னால் எங்கள் மாடியே நின்றது: அறை பெருக்கும் செல்வி, எதிர் அறையில் இருக்கும் கல்கத்தாத் தம்பதி, நான் மூன்று முறை கூப்பிட்டும் எடுக்காத மேனேஜர். அவர் கையில் ஆரத்தித் தட்டு.

"வந்துட்டாரு பாரு ஐயா!" என்று செல்வி கத்தினாள். "இன்னா ஐயா, நெட்டை எட்த்துக்கினு ஊர் சுத்தப் போய்ட்ட? எங்கிட்ட டெய்லி ரெண்டு ஜிபி, பாதி வீணாத்தான் போவுது!"

லுங்கிக்காரர் இறங்க வேண்டிய ஊர் அது. அவர் இறங்கவில்லை. கண்டக்டரிடம், "இருய்யா, மோதிரம் போட்டுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு என் தோள்மேல் எட்டிப் பார்த்தார். கண்டக்டரும் பார்த்தார். "மாப்ள ஷோக்கா கீறாரு சார்" என்று சான்றிதழ் கொடுத்த பிறகுதான் விசில் அடித்தார். கமலா ஒரு பக்கம் செல்வியையும் மறுபக்கம் கல்கத்தா அம்மாவையும் பிடித்துக்கொண்டு, கட்டுப்போட்ட காலைத் தரையில் படாமல் தூக்கியபடி நின்றே ஆசீர்வாதம் செய்தாள்.

6.10-க்கு லாட்ஜ். செருப்பு இரண்டும் பொருந்தின. கமலா மூன்றாம் மாடியின் நடையில் போய்த் திரும்பினாள். பிறகு கேட்டேன்.

"நெட்டுக்கு என்ன செஞ்ச?"

"கேட்டேன். குடுத்தாங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேற என்ன செய்யணும்?" என்றாள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வெள்ளிக்கிழமை ஆம்பூர் போனால் பதினொன்றுக்குள் கடையில் இருங்கள். திரும்பும்போது பைபாஸ் வழியா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். இருவர் தங்கினால் இரண்டு சிம். வீங்கிய காலுக்குச் செருப்பு என்றால் ஒற்றைச் செருப்பு மூட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

தொடக்கத்தில் பட்டியலிட்ட நான்கில் முதல் மூன்றும் ஏறக்குறையச் சரி என்றே நினைக்கிறேன். நான்காவது தவறு. அந்த அழைப்பு போக அன்று என்னிடம் மிஞ்சிய 610 எம்பி யாருக்கும் பயன்படாமல் நள்ளிரவில் காலாவதியானது. இந்தப் பதிவைச் செல்வியின் ஹாட்ஸ்பாட்டில் ஏற்றுகிறேன். நானே போய்க் கேட்டேன்.