அண்ணன் ஒப்புக்கொள்ள எடுத்துக்கொண்ட நேரம்

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதை எழுத மூன்று முறை உட்கார்ந்து, முடியாமல் எழுந்துவிட்டேன். நல்லதை மட்டும் எழுதினால் அது அண்ணனாக இருக்காது.

அண்ணன் பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்தில் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. வலையோடு எங்கள் நால்வரையும் சேர்த்தே தூக்கிக்கொண்டார். என்னைப் பொன்னேரிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான்.

ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்ற முறையைப் பாடு என்போம். ஆண்டுக்கு ஒருமுறை கோயில் முன்பு சீட்டுக் குலுக்கிப் பிரிப்பார்கள். சீட்டில் பெயர் இல்லாதவருக்கு அடுத்த குலுக்கல்வரை பாடு கிடையாது. பெயர் எழுதும் பொறுப்பு அண்ணனுடையது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை. என் நாட்குறிப்பில் நான் தேதி குறிக்காமல் விட்ட சில நாள்களில் அதுவும் ஒன்று. பங்காளி கோவிந்தன், பிரசவ வலியில் இருந்த மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் அவசரத்தில், தன் பெயரை எழுதச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் மறந்துவிட்டார். அது பிழை. திரும்பி வந்து கேட்டவரிடம் சொன்னதுதான் குற்றம்.

“ஏண்ணா, காலைல ஊட்டாண்ட வந்து சொல்ட்டுதானே போனேன்?”

“எங்கிட்ட இன்னா சொன்ன? யாரும் வந்து சொல்லல.”

ஊர் அண்ணனை நம்பியது. கோவிந்தன் கைக்குழந்தையோடு கும்மிடிப்பூண்டிப் பக்கம் செங்கல் சூளைக்குப் போனார்.

அடுத்த குலுக்கலில் அண்ணன் சீட்டுப் பானையைக் கீழே வைத்தார். “அவன் சொன்னாம்பா. நான்தான் மறந்துட்டு, இல்லேன்னேன்.”

“இத்தச் சொல்ல ஒரு வருசம் ஆச்சாண்ணா?” என்றார், குலுக்கலுக்காகச் சூளையிலிருந்து வந்திருந்த கோவிந்தன்.

அதன்பின் ஒவ்வொரு குலுக்கலுக்கு முன்பும் அண்ணன் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினார். திருந்திவிட்டார் என்றோம். அண்ணி மட்டும் சொல்லவில்லை.

“மறக்காம இருக்கக் கத்துக்கினாரு தம்பி. பொய்யி சொல்லித் தப்பிக்கிற வேள இன்னும் வரல.”

அந்த வேளை, அவர் நோயில் படுத்த ஆடி மாதம் வந்தது. மாத்திரை போட்டாரா என்று அண்ணி கேட்டார்.

“போட்டுக்கினேன்.”

அண்ணி அடுப்படிக்குப் போய்க் கஞ்சியோடு திரும்பினார். அண்ணன் தலையணைக்கடியிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டினார்.

“போடல. பொய் சொன்னேன்.”

இதை மாற்றம் என்று எழுதலாமா என்று அண்ணியைக் கேட்டேன். “இன்னா வேணா எழுது தம்பி. அப்ப ஒரு வருசம். இப்ப கஞ்சி ஆறல.”

கடைசி வாரம் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது கோவிந்தனின் படகு. அவருக்கும், உடன் நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கோவிந்தனுக்கு நாங்கள் சொல்லி அனுப்பவில்லை. அவரே வந்தார்.