கேட்காத காதுக்கு ஒரு மைக்

சிடி ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு வாயில் ஒரே வசனம்தான்: 'அசையாதீங்க.' என்னைப் போல இருபது வருஷம் அதையே சொல்லித் தேய்ந்த சக பாவிகளே, கேளுங்கள்.

மைக் முன்னால்

மெட்டுகுடாவிலிருந்து ஜேம்ஸ் தன் ஏழு வயசு மகள் ஷீபாவைக் கூட்டி வந்தார். மூளைக்காய்ச்சல் வந்து அவளுக்கு இரண்டு காதும் போய்விட்டது. கேட்க வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியை வைப்பதற்கு முன், உள்காதில் ஒயர் நுழைய இடம் இருக்கிறதா என்று படம் எடுக்க வேண்டும். கொஞ்சம் ஆடினாலும் படம் கலங்கிவிடும். "மயக்க மருந்து நக்கோ மேடம், பிள்ளை சும்மா படுத்துக்குவா" என்றார் ஜேம்ஸ். எங்கள் ஊரில் 'நக்கோ' என்றால் வேண்டாம்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில், "அசையாம படு கண்ணு" என்றேன். அவள் காலாட்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை. மூன்றாம் தடவை கொஞ்சம் கோபமாகவே. கதிர் படாமலிருக்க ஈய அங்கி மாட்டி உள்ளே நின்ற ஜேம்ஸ் பொறுமையாகச் சொன்னார்: "மேடம், அவளுக்குக் கேட்டா நாங்க இங்க எதுக்கு வர்றோம்?"

பொம்மை

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. உள்ளே போய், அவள் கையிலிருந்த பொம்மையைப் படுக்க வைத்து, இப்படி அசையாமல் என்று மூக்கின் மேல் விரல் வைத்துக் காட்டினேன். ஷீபா பொம்மையைவிட ஒழுங்காகப் படுத்தாள்.

படம் நன்றாக வந்தது. செய்தி நன்றாக இல்லை. இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு சில பேருக்கு உள்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துவிடும். வலது காது முழுக்க அடைத்திருந்தது. இடதில் வாசலில் மட்டும். அதற்குப் பின்னால் வழி இருப்பது அடுத்து எடுத்த எம்ஆர்ஐயில் தெரிந்தது. தள்ளிப்போட்டால் அதுவும் மூடிவிடலாம். சர்ஜன் அடுத்த மாசத் தேதியை அந்த வாரத்துக்கே இழுத்தார். "கஷ்டமான கேஸ்தான், வாசல் எலும்பைக் குடைஞ்சுதான் ஒயரை விடணும்" என்று ஜேம்ஸிடம் மறைக்காமல் சொன்னார். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டரான ஜேம்ஸ் படத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பைப்புல எங்க அடைப்புன்னு தெரிஞ்சாத்தான் நாங்களும் ஸ்பேனரையே எடுப்போம் சார்."

மூன்று போன்

ஆபரேஷன் அன்று காலை தியேட்டரிலிருந்து சர்ஜன் போன். "இடதுதானே?" "ஆமா சார்." பத்து நிமிஷத்தில் மறுபடி. மூன்றாவது தடவை எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "படத்துலயே எழுதியிருக்கே சார்" என்றேன். மைக் கதையை ஜேம்ஸ் அவரிடம் சொல்லியிருக்கிறார்; சென்னையில் படித்த தெலுங்குக்காரர், தமிழில் நன்றாகவே குத்துவார்: "காது கேக்காத பிள்ளைகிட்ட நீங்க மூணு தடவை கத்தலாம், நான் மூணு தடவை போன் பண்ணக்கூடாதாம்மா?"

வாசலில்

ஒயர் முழுசாக நுழைந்தது. ஆனாலும் வெளியே மாட்டும் மெஷினைப் போட்டுப் பழகும்வரை எவ்வளவு கேட்கும் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு மாசம் கழித்து, காதுக்குப் பின்னால் மெஷினோடு ஷீபா என் அறை வாசலில் வந்து நின்றாள். ஏற்கெனவே பட்டவள் நான், வாயையே திறக்கவில்லை. சௌக்கியமா, பொம்மை எங்கே என்று கையை ஆட்டி ஆட்டி ஜாடை காட்டினேன். அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, வாயால சொல்லுங்க, கேக்குது."

கேட்காதவளிடம் கத்தி, கேட்கிறவளிடம் வாய்மூடி நின்றதுதான் என் இருபது வருஷ சர்வீஸ். அன்றைக்கு அழுததை மட்டும் வெளியே சொல்லிவிடாதீர்கள்.