முதுகில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பலகை

கொச்சியின் மட்டாஞ்சேரி ஏலக்காய்க் கிடங்கில் மாயம்மாளைப் பாண்டிக்காரி என்பார்கள். தமிழ் மாதிரிப் பேசுகிறவள் வேறு யாராக இருப்பாள்? மூணாறுக்கு மேலே முதுவர் என்னும் மலைவாசிகளின் குடியில் பிறந்தவள் என்பது அவளுடைய அண்ணன் அழகருக்குத்தான் தெரியும். ஏலக்காய் லாரியோடு மலையிறங்கிச் சுமைவேலையில் நிலைத்தவன் அவன். கணவனை இழந்த தங்கையைக் கைக்குழந்தையோடு பிறகு அழைத்துவந்தான். மலையில் செய்வது போலவே அவள் குழந்தை கங்காவைப் புடவையில் முதுகோடு கட்டிக்கொண்டு காய் பொறுக்குவாள். அந்த முடிச்சு ஒருநாளும் நழுவியதில்லை என்று அழகர் கேட்காதவர்களிடமும் சொல்வான்.

எண்பத்து மூன்றில் ஓணத்துக்குத் தெரு மன்றம் ஊர்வலம் வைத்தது. கொங்கணி, குஜராத்தி, யூதர், தமிழர் என்று ஊரிலுள்ள எல்லாச் சனமும் தத்தம் பெயர்ப்பலகையோடு போகவேண்டும். மன்றச் செயலாளர் நீலகண்டன் மாயம்மாளைத் தமிழர் வரிசையில் நிற்கச் சொன்னார்.

"நாங்க முதுவருங்க சாமி. எங்களுக்குப் பலகை?"

"அதொக்கெ உண்டும்மா. காட்டுவாசின்னு ஒரு டான்ஸ் இருக்கு. நம்ம பசங்க இலை கட்டி, கரி பூசிண்டு வரா."

"கரி பூசினவங்க இருக்காங்க. நாங்க எங்க இருக்கோம்?"

நீலகண்டன் சிரித்தார். "ரெண்டு பேருக்கு ஒரு பலகையா?"

"மூணு பேரு" என்று முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

வீட்டில் அழகர், "தமிழர்லயே நின்னுக்க புள்ள. யாரு கேக்கப்போறா?" என்றான்.

"அதான் அண்ணே. யாருமே கேக்கல."

மறுநாள் அவன் ஒரு பழைய பெட்டியின் பலகையைப் பெயர்த்து, தோப்பும்படியில் போர்டு எழுதுபவரிடம் கொண்டுபோய், 'முதுவர்' என்று மலையாளத்தில் எழுதி வாங்கிவந்தான். மன்றத்தில் முணுமுணுத்தார்கள். எல்லாருக்கும் கடைசியாக வரலாம் என்று விட்டுவிட்டார்கள்.

கரி பூசியவர்கள் முன்னால் குதித்துப் போனார்கள், தெரு கைகொட்டியது. எல்லா வரிசையும் தாண்டிய பிறகு அழகர் பலகையைத் தூக்கிவர, கங்காவைச் சுமந்து மாயம்மாள் வந்தாள்.

துணிக்கடை வாசலில் ஒரு பெண், "முதுவரோ? அதாரா?" என்றாள்.

மாயம்மாள் நின்றுவிட்டாள். குடி எந்த மலையில், என்ன விளையும், பிள்ளையை ஏன் முதுகில் கட்டுவது என்று தனக்குத் தெரிந்த மலையாளத்தில் நிதானமாகச் சொன்னாள்.

"நடக்கு சேச்சி" என்று தொண்டர் அவசரப்படுத்தினார்.

"கேக்கறாங்களே. சொல்லிட்டு வர்றேன்."

அடுத்த வாசலிலும் கேட்டார்கள். ஊர்வலம் முனை திரும்பிச் செண்டைச் சத்தமும் தேய்ந்துவிட்டது. அழகருக்குத் தோள் கடுத்தது. பலகையை இறக்காமல், தங்கை சொல்லி முடிக்கும்வரை நின்றான்.