கேரி ஆன், ஹெட்மாஸ்டர்

இன்று காலையும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எங்கள் வாசலில் நின்று ‘கேரி ஆன்’ என்று சொல்லிவிட்டுப் போனார். அடுக்களைக் கூரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது, மழைக்காலத்தில் குடை பிடித்துக்கொண்டு சோறு வடிக்க வேண்டியிருக்கிறது, அதை மாற்றித் தர வேண்டும் என்று இவர் பணிவாகத்தான் சொல்லத் தொடங்கினார். இவர் என்றால் என் வீட்டுக்காரர். மலாயாவில் இந்த ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் கிராணி, நம் ஊர் வழக்கில் குமாஸ்தா. வாக்கியம் பாதியில் இருந்தது. துரை தன் நாயைப் பார்த்துக் ‘கம் ஆன்’ என்றார், இவரைப் பார்த்துக் ‘கேரி ஆன்’ என்றார், இரண்டு பேரும் போய்விட்டார்கள். கேரி என்றால் சுமப்பது என்று நான் படித்திருக்கிறேன். ஆன் என்ற வாலை ஒட்டினால் செய்துகொண்டிருக்கிற வேலையைத் தொடர்ந்து செய் என்று ஆகிவிடுமாம். ஒழுகுகிற கூரைக்குக் கீழே பாத்திரம் வைப்பதைத் தவிர வேறு என்ன வேலை இருக்கிறது?

பிள்ளைகளை அடித்து உதைத்து இங்கிலீஷ் படிக்கவைக்கிற நாஞ்சில் நாட்டுப் பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். நீங்கள் படிக்கவைக்கிற இங்கிலீஷை இங்கே எந்த வெள்ளைக்காரனும் பேசுவதில்லை. விளக்கை அணைக்க நாம் ‘எக்ஸ்டிங்குவிஷ்’ என்று நாக்கு சுளுக்க மனப்பாடம் செய்தோம். துரைசானி ‘புட் அவுட்’ என்கிறாள். சட்டை போட்டால் ‘புட் ஆன்’, காரியத்தைத் தள்ளிப்போட்டால் ‘புட் ஆஃப்’, எங்களைப் போன்றவர்களைச் சகித்துக்கொள்வது ‘புட் அப் வித்’. உலகத்தில் பாதியைக் கட்டி ஆளுகிறவர்களின் வீட்டில் வினைச்சொல் ஒரு கைப்பிடிதான். கெட், புட், கிவ், டேக் என்று எதையாவது எடுத்து, பின்னால் ஒரு சின்னச் சொல்லை ஒட்டவைத்து, பிறப்பிலிருந்து இறப்பு வரை பேசி முடித்துவிடுகிறார்கள். மீன்குழம்பு கிண்டிய அகப்பையைக் கழுவாமல் பாயசத்தையும் கிண்டுகிற அடுக்களை. தமிழிலும் ‘விடு’, ‘போடு’, ‘கொள்’ என்று ஒட்டிக்கொண்டு வருவது உண்டே என்று யாராவது புலவர் கேட்பார். உண்டு ஐயா. ஆனால் அதை வைத்துப் பரீட்சை நடத்தி நாம் யாருடைய கல்யாணத்தையும் நிறுத்துவதில்லை. என் அப்பா நிறுத்தினார்.

அப்பா இராஜாக்கமங்கலம் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் ஹெட்மாஸ்டர். பள்ளிக்கூடத்தை ஒட்டி மிஷன் கொடுத்த ஓட்டு வீட்டில் எங்கள் குடித்தனம். எங்கள் சபைக் குடும்பங்களில் பெண் பார்க்க வந்தால் முதலில் போதகரின் ஜெபம், பிறகு கருப்பட்டிக் காப்பியும் முந்திரிக்கொத்தும் ஏத்தன்பழமும், அதற்குப் பிறகு பெண். எங்கள் வீட்டில் மட்டும் காப்பிக்கும் பெண்ணுக்கும் நடுவில் இங்கிலீஷ் பரீட்சை. ஒருவர் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று சொல்லிவிட்டார். டிஸ்கஸ் என்றாலே போதும், அபவுட் எதற்கு என்று அப்பா முந்திரிக்கொத்துத் தட்டை உள்ளே கொண்டுபோகச் சொல்லிவிட்டார். இன்னொருவர் தன் அக்காள் ‘மேரீட் வித்’ ஒரு தாசில்தார் என்றார். ‘டு’ என்று சொல்லத் தெரியாதவனுக்குப் பெண்ணைக் கொடுப்பதா? தாசில்தார் சம்பந்தமும் போயிற்று. எனக்கு இளையவளுக்கே வரன் கேட்டு ஆள் வரத் தொடங்கினார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலைவிட்டு வெளியே வந்தால், “ஒனக்கு இன்னும் ஒண்ணும் அமையல்லியா மக்கா?” என்று பெண்கள் விசாரிப்பார்கள். எனக்குக் கல்யாணம் வேண்டும் என்றிருந்தது. அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

இவ்வளவு பரீட்சை நடத்திய அப்பா உயிருள்ள இங்கிலீஷைக் கேட்டது ஒரே ஒரு வாயிலிருந்துதான். வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வருகிற மிஷன் துரையின் வாய் அது. ஒரு மழைக்காலத்தில் வந்தவர் வகுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘கேரி ஆன், ஹெட்மாஸ்டர்’ என்று சொன்னாராம். இந்தக் கதையைக் கேட்காத மனிதர் இராஜாக்கமங்கலத்திலிருந்து தோவாளை வரை கிடையாது. “ஒமக்குப் பின்னால இந்தப் பள்ளிக்கூடம் இல்லை, நீரே நடத்தும், அதாக்கும் அதுக்கு அர்த்தம்” என்று அப்பா விளக்குவார். அம்மா அடுக்களையிலிருந்து, “ஓட்ட மாத்தணும்னு இவிய சொல்லிக்கிட்டு இருக்கும்போ, அவரு அத சொல்லிற்று வண்டியில ஏறினாரு. ஓடு இன்னும் ஒழுகுது” என்பாள். அந்த வாக்கியம் மட்டும் அப்பாவின் காதில் விழுந்ததே இல்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஐசக் என்ற மலாயாக் கிராணி, லீவில் ஊருக்கு வந்தவர், என்னைப் பார்க்க வந்தார். நான் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். லீவு எப்படிக் கிடைத்தது என்று அப்பா இங்கிலீஷில் கேட்டார். இவர் கூச்சமில்லாமல், “ஐ புட் இன் ஃபார் லீவ். த மேனேஜர் டர்ண்ட் இட் டவுன். தென் ஹி கேம் ரவுண்ட்” என்றார். விண்ணப்பித்தேன், மறுத்தார், பிறகு இணங்கினார், அவ்வளவுதான் சேதி. அப்பா போதகர் பக்கம் திரும்பினார்.

“கேட்டீரா? என்னத்த உள்ள போட்டாரு? மேனேஜர் என்னத்தத் திருப்பிக் கீழ வச்சாரு? யாரைச் சுத்தி வந்தாரு? இது கப்பல்ல மூட்டை தூக்குகவன் பேசுக இங்கிலீசாக்கும்.”

“சார், நான் போன புதுசுல, முயற்சி பண்ணுகேன்னு சொல்ல ‘ஐ ஷல் எண்டெவர்’னு சொன்னேன்” என்றார் இவர். “துரை சிரிச்சிற்று, பக்கத்துத் தோட்டத்துத் துரையையும் கூப்பிட்டு, திரும்பவும் என்னைச் சொல்லச் சொன்னாரு. பொறவு அவிய பேசுகது போல பேசப் படிச்சேன்.”

“சிரிச்சது ஒம்ம உச்சரிப்புக்கு” என்ற அப்பா, தட்டை எடுக்கச் சொல்லி உள்ளே பார்த்துக் கை காட்டினார்.

இந்த மனிதர் அடுத்த கப்பலில் போய்விடுவார். நானோ அந்தத் தட்டை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு கிழவியாவேன். துரை சிரித்ததை ஒளிக்காமல் சொன்ன அந்த வாயை எனக்குப் பிடித்தும் போயிற்று. கூப்பிடாமல் பெண் வெளியே வரக்கூடாது என்பது வழக்கம். நான் வந்தேன்.

“அப்பா, மிஷன் துரை ஒங்களிட்ட என்ன சொன்னாவ? ‘கன்டினியூ’ன்னா சொன்னாவ?”

காட்டிய கையை அப்பா கீழே இறக்கினார்.

“கேரி ஆன்னுதான சொன்னாவ? இவிய பேசினதும் அதே சாதி வார்த்தைதான. அப்போ மிஷன் துரையும் மூட்டை தூக்குகவரா?”

“ஏட்டி!” என்றாள் அம்மா. அந்த அதட்டலில் பாதி சந்தோஷம் இருந்தது. அப்பா அண்ணாந்து ஒழுகுகிற கூரையைப் பார்த்தார். மிஷன் துரையின் வார்த்தையை அவரால் மட்டமாக்க முடியாது. இவருடையதை உயர்த்தத்தான் வழி. “போதகரே, ஜெபம் பண்ணும்” என்றார். முந்திரிக்கொத்து திரும்பி வந்தது.

மலாயாவுக்கு வந்த சில நாட்களிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்ல வந்தால் கேரி ஆன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்தது என்றால் கேரி ஆன். சொல்லும்போதே துரையின் ஒரு கால் திரும்பியிருக்கும். கேட்க விருப்பமில்லாத பேச்சை மரியாதையோடு அறுக்க அவர்கள் வைத்திருக்கிற வார்த்தை அது. என் அப்பா ஆயுள் முழுக்கப் பதக்கம் போல நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தது இதைத்தான். அந்த வார்த்தையைக் காட்டித்தான் நானும் என் கல்யாணத்தை வாங்கினேன். அது விளங்கிய அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

போன லீவில் ஊருக்குப் போயிருந்தோம். ஐப்பசி மழை. ஓட்டு வீட்டில் எல்லா மூலையிலும் ஒழுகுகிற தண்ணீருக்கு அம்மா சருவப்பானை வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு ஆட்களைக் கூட்டிவைத்துக்கொண்டு அப்பா இவரிடம், “ஒங்க துரை ஒங்களிட்ட எப்பிடிப் பேசுவாரு?” என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அப்பாவின் முகத்தில் பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருக்கிற பையனின் பயம் இருந்தது.

“தெனமும் கேரி ஆன்னு சொல்லுவாரு அப்பா” என்றேன்.

“கேட்டியளா! எனக்கும் மிஷன் துரை அதத்தான் சொன்னாரு” என்று அப்பா கூட்டத்தைப் பார்த்தார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிறைந்த சருவத்தை எடுத்து வெளியே ஊற்றப் போனாள்.

இங்கும் இப்போது ஐப்பசி. துரையும் நாயும் போன பிறகு அடுப்படியில் பானையை நகர்த்தி வைத்தேன். சொட்டுச் சத்தத்தில் எந்த வீட்டில் நிற்கிறேன் என்று ஒரு நொடி குழம்பிப்போகிறது. அந்த ஓடு மிஷனுடையது, இந்தத் தகரம் கம்பெனியுடையது. இரண்டு வீட்டிலும் பானை மட்டும்தான் எங்களுடையது.