காலையில் இரண்டு ஜாயின்ட்

காப்பர் பைப் வெல்டிங்கை ஒரே வாரத்தில் பிடித்துவிடலாம் என்று முழுதாக நம்பியவன் நான். ஆதாரம், போனில் பார்த்த ஏழு நிமிட வீடியோ. அப்போது எனக்கு வயது முப்பத்தெட்டு. மொபைல் கவர் விற்ற கடையை மூடிவிட்டு, முத்தியால்பேட்டையில் காதர் பாயின் ஃபிரிட்ஜ் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்திருந்தேன்.

முதல் நாள், உருகி பைப்பை ஒட்டவேண்டிய ராடை நேராக நெருப்பில் காட்டினேன். அது உருகி, சூடேறாத பைப்பின் மேல் மிளகு மிளகாக உருண்டு விழுந்தது. எனக்கு அது சாதனையாகத் தெரிந்தது.

"யோவ், ராடைச் சுட்டு என்னா பண்ணப் போற? பைப்ப சூடாக்கு. ராடு தானா உள்ள இறங்கும்" என்றார் பாய்.

மறுநாள் பைப்பைச் சூடாக்கினேன். ஓட்டை விழுந்தது.

பாய் ஒரு வழக்கம் வைத்தார். தினமும் கடை திறந்ததும் வேஸ்ட் பைப் துண்டுகளில் இரண்டு ஜாயின்ட். முனையை அடைத்து, நைட்ரஜன் ஏற்றி, தண்ணீர் பக்கெட்டில் அமுக்க வேண்டும். பபிள் வந்தால் லீக். எனக்கு வந்தது பபிள் இல்லை, சோடா. எத்தனை மாசம் இப்படி என்று கேட்டதற்கு, பக்கெட்டே சொல்லும் என்றார். ஒரு பக்கெட்டிடம் பாடம் கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டேனே என்று வீட்டில் புலம்பினேன். வாரம் ஒரு முறை வேலையை விடுவதாக அறிவிப்பேன். சாப்பாடு முடிந்ததும் வாபஸ். ஜாயின்ட்டை மட்டும் விடவில்லை. மன உறுதி என்று நினைத்துவிடாதீர்கள். அதைப் போடாமல் பாய் டீ சொல்ல மாட்டார்.

பத்தாவது மாதம், பாய் காரைக்காலுக்குப் போயிருந்த நாளில், தவளக்குப்பத்திலிருந்து மீன் வியாபாரி தனம் அக்கா போன் செய்தார். டீப் ஃப்ரீசர் நின்றுவிட்டது. உள்ளே மறுநாள் ஹோட்டல் ஆர்டருக்கு வைத்த வஞ்சிரம். நான் போனபோது மீனை ஐஸ் பெட்டிகளுக்கு மாற்றியிருந்தார். சாயங்காலம் வரை தாங்கும். உப்புக் காற்றில், கேஸ் பைப்பின் நடுவில் இருக்கும் ஃபில்டர் அரித்து கேஸ் முழுதும் போயிருந்தது. புது ஃபில்டர் வைக்க முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டே ஜாயின்ட். நான் ஃப்ரீசரை மூன்று முறை சுற்றி வந்தேன்.

"ஏம்பா, மெக்கானிக்க கேட்டா பூசாரிய அனுப்பிட்டாரா பாய்? சுத்திக்கினே இருக்குற."

தெருவுக்குப் போய் பாயைப் போனில் பிடித்தேன். என்னால் ஆகாது, மீன் போய்விடும், அக்கா என்னையே துண்டு போட்டுவிடுவார், வேறு ஆளை அனுப்புங்கள் என்று கதறினேன். பாய் எதையோ மென்றுகொண்டே கேட்டார்:

"பக்கெட்ல கடைசியா எப்பய்யா பபிள் பாத்த?"

யோசித்தேன். தீபாவளிக்கு முன்னால். இப்போது பொங்கலே முடிந்திருந்தது. லீக் வந்த நாளெல்லாம் ஊரைக் கூட்டியவன், வராத நாளெல்லாம் பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு டீக்கு ஓடியிருக்கிறேன்.

"அப்புறம் என்னா" என்று வைத்துவிட்டார்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் தன்னம்பிக்கை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எனக்கு அது அன்றைக்கும் வரவில்லை. ஆனால் வெல்டிங் டார்ச்சைப் பற்ற வைத்ததும் கை, காலையில் செய்வதையே செய்தது. இங்கே பக்கெட் இல்லை, பிரஷர் மீட்டரில் முள் இறங்கினால் லீக். நைட்ரஜன் ஏற்றி, அந்த முள்ளை முறைத்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

முள் இறங்கவில்லை.