சித்தி எழுதிய கோழிக் கதை

என் சித்தி எழுதிய முதல் கதை நிலாவில் தொடங்கியது. நிலா நாலு பக்கம் காய்ந்தது. அதன் பிறகுதான் ராஜகுமாரி உப்பரிகைக்கு வந்தாள். வந்தவளும் வாயைத் திறந்தால் செய்யுள் போலவே பேசினாள். எட்டு வயதில் எனக்கு அது உலகத்திலேயே உயர்ந்த கதையாகப் பட்டது. சென்னையிலிருந்த பத்திரிகைக்காரருக்கு அப்படிப் படவில்லை.

அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் பிரசவத்துக்குக் காத்திருந்ததால், என்னை ராஜபாளையத்தில் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். சித்தப்பாவுக்குப் பஞ்சு வியாபாரம். மாதம் ஒருமுறை அவருக்கு ஒரு பத்திரிகை வரும். அவர் படித்துப் போட்டதைச் சித்தி எடுத்து அட்டை முதல் அட்டை வரை படிப்பாள். தான் எழுதுவதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அவர் பொல்லாதவர் அல்ல; சிரிப்பார், அவ்வளவுதான்.

திரும்பி வந்த கதையோடு பத்திரிகைக்காரரின் கடிதமும் இருந்தது. தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும், ஒரு பிரதியைக் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டும், வர்ணனையை விட்டு நடந்ததிலிருந்து தொடங்க வேண்டும் என்றெல்லாம் அதில் புத்தி சொல்லியிருந்தார். கடைசி வரிதான் சித்தியைச் சுட்டது: "தாங்கள் ராஜகுமாரி எவரையும் பார்த்ததில்லை என்று தெரிகிறது. பார்த்தவர்களைப் பற்றி எழுதுங்கள். அவர்கள் பேசுகிறபடியே பேசட்டும்."

அன்று முழுவதும் சித்தி சாப்பிடாமல் கிடந்தாள். மறுநாள் காலையில் ராஜகுமாரியை அடுப்பில் வைத்து வெந்நீர் போட்டாள்.

தம்பி பிறந்த செய்தி வந்ததும் தெரிந்தவர் வண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். அம்மாவிடம் காட்டுவதற்காக என் பெயரைச் சிலேட்டில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். திரும்பும்போது வண்டியில் இரண்டு பெண்கள் ஏறினார்கள். ஒருத்தி மடியில் கூடை, கூடைக்குள் கோழி. அது பக்கத்தில் இருந்தவளின் சேலையைக் கொத்தியது.

"ஏட்டி, ஒன் கோழிக்கு எம்புட்டு எடம் வேணும்?"

"நீதான அது மேல போயி விழுற? அதுபாட்டுக்குச் செவனேன்னு வருது."

சண்டை வலுத்தது. சித்தி என் மடியிலிருந்த சிலேட்டை வெடுக்கென்று பிடுங்கினாள். என் பெயரை முந்தானையால் ஒரே துடைப்பாகத் துடைத்துவிட்டு, அவர்கள் பேசுவதைப் பொடி எழுத்தில் இரண்டு பக்கமும் எழுதித் தள்ளினாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் பழிதீர்த்தேன். அவள் கை கால் கழுவப் போன நேரத்தில் சிலேட்டைத் துடைத்து, என் பெயரை முன்னைவிடப் பெரிதாக எழுதி வைத்தேன்.

சித்தி வந்து பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது. அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் தாளையும் பேனாவையும் எடுத்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"சொல்லு. ரெண்டு பேரும் என்ன பேசினாக? மொதல்லருந்து சொல்லு."

பயத்தில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் எழுந்து நின்று, கோழியாகவும் நானே கொத்திக் காட்டினேன். பிள்ளை பெற்ற மகளுக்குச் சாறு வைக்கத்தான் கோழி போகிறது என்று கூடைக்காரி சொன்னதையும், அதைக் கேட்டு மற்றவள் கூடையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டதையும் சொன்னேன். "போன வருசம் நானும் ஒண்ணு கொண்டுக்கிட்டுப் போனேன் தாயி, கோழியோடயே திரும்பி வந்தேன், அப்படின்னா. அதுக்குப் பொறவு அவ ஒண்ணுமே பேசல சித்தி."

சித்தி அதையும் எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"மிச்சம்?"

"மறந்துபோச்சு."

"போகட்டும். ஒனக்கே மறந்துபோனது படிக்கிறவுகளுக்கு எதுக்கு?"

அந்தக் கதையும் இரண்டு தடவை திரும்பி வந்தது. முதல் தடவை நீளம் என்றார்கள், சித்தி குறைத்தாள். மறு தடவை, முடிவில் ஒரு பக்கம் நீதி சொல்லியிருக்கிறீர்கள், அந்தப் பெண் வாயை மூடிய இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள் என்று எழுதியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் வெட்டினாள். மூன்றாம் முறை முழுக்கதையையும் புதிதாக எழுதி அனுப்பினாள்.

பொங்கலுக்கு நான் ராஜபாளையம் வந்திருந்தபோது அது அச்சில் வந்தது. பெயர் போடும் இடத்தில் 'ஒரு ஸ்திரீ' என்றிருந்தது. மத்தியானம் சித்தப்பா முன்கட்டில் மூன்று வியாபாரிகளை உட்கார வைத்து அதை உரக்கப் படித்தார்; அவர்களில் ஒருவர் தலைப்பாகைக்காரர். கோழி கொத்தும் இடத்தில் நால்வரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"எவனோ ஆம்பளதான் பொம்பள பேருல எழுதியிருக்கான்" என்றார் சித்தப்பா.

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்தேன், சித்தி பொத்தினாள். "சும்மா இருட்டி, கேக்க விடு." கதவு இடுக்கு என் உயரத்தில் இருந்தது. அவளுக்குக் குரல்கள்தான் கேட்டன. முகங்கள் எனக்கு மட்டும் தெரிந்தன.

எல்லோரும் போனபின் கேட்டாள்: "கடைசில ஒருத்தர் சத்தத்தையே காணோமே. அந்தத் தலப்பாக்காரரு என்ன செஞ்சாரு?"

எனக்கு நன்றாகத் தெரியும். கடைசி வரி வந்தபோது அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்துகொண்டார். துண்டால் முகத்தை இரண்டு தடவை துடைத்தார். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார். ஒருவருக்குக் கதை பிடிக்கவில்லை என்று தெரிந்தால் சித்தி மறுபடி சாப்பிடாமல் கிடப்பாளே என்று எனக்குக் கவலை.

"அவருந்தான் சித்தி கடைசி வரைக்கும் சிரிச்சாரு" என்றேன்.

"நெசமா?"

"சாமி சத்தியமா."

சித்தியின் முகம் ஏன் அப்படிச் சுருங்கியது என்று எனக்குப் புரியவில்லை. அவளைப் பெரிய வருத்தத்திலிருந்து காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு விளையாட ஓடிவிட்டேன்.