உடப்புசல்லாவை பஸ்ஸில் எனக்கும் தம்பிக்கும் இரண்டு இனம்

1958இல் இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம் பரவிய நாட்களில் யாரும் பயணம் போகவில்லை. நாங்கள் போனோம். உடப்புசல்லாவைத் தோட்டத்தில் அக்காவுக்குப் பிரசவமாகிக் காய்ச்சல் கூடிவிட்டதாகத் தந்தி வந்திருந்தது. நான் அட்டனில் ஆசிரியை, இருபது வயது. துணைக்குத் தம்பி சேவியர்.

காலை ஆறரைக்கு ரயில். நானுஓயாவில் இறங்கி, ஐந்து மைல் தள்ளி நுவரெலியா. பத்து மணிக்கு உடப்புசல்லாவை பஸ். பதினைந்து மைல்தான், ஆனால் ஒரே வளைவு. (தலை சுற்றுகிறவர்கள் முன்னால் உட்காருங்கள்.) நாங்கள் மெதுவாகத் தமிழில் பேசிக்கொண்டே போனோம். பின் இருக்கையில் ஒரு மரக்கறி வியாபாரி, மடியில் சாக்கோடு.

கந்தப்பளை தாண்டி ஒரு வளைவில், குறுக்கே மரம் கிடந்தது. பொல்லுத் தடிகளோடு ஆறேழு சிங்களவர்கள் ஏறினார்கள். முன்னால் வந்தவன் ஒவ்வொரு முகமாக, ஒவ்வொரு காதாகப் பார்த்தான். எனக்கு அம்மாவின் வெள்ளை நிறம். கவுன் போட்டிருந்தேன், பொட்டில்லை. "நோனா, பயப்படாதீங்க" என்றான் சிங்களத்தில், என்னைச் சிங்கள அம்மணி என்று எண்ணி. தம்பிக்கு அப்பாவின் கறுப்பு. காதில் சின்ன வயதில் குத்திய துளை; ஆண்களில் அதை வைத்துத்தான் தமிழரை அடையாளம் பிடித்தார்கள்.

"தெமளா, இறங்கு."

தமிழனே, இறங்கு என்று தம்பியிடம்தான் சொன்னான். தெரிந்த சிங்களத்தையெல்லாம் கூட்டி, "அது என் தம்பி" என்றேன்.

"சொந்தத் தம்பியா?"

"ஒரே அம்மா, ஒரே அப்பா."

எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். என்னைத் தமிழச்சி ஆக்குவதா, தம்பியைச் சிங்களவன் ஆக்குவதா என்று அவன் முடிவுசெய்யும்வரை நான் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். "நோனாவின் தம்பி" என்று கூட வந்தவர்களிடம் சொல்லிவிட்டுப் பின்னால் போனான்.

வியாபாரியின் காதிலும் துளை இருந்தது. இழுத்துப் போட்டு அடித்தார்கள். "நான் சிங்களவன், வலப்பனைக்காரன்" என்று அவர் சிங்களத்திலேயே கதறினார். "இன்றைக்கு எல்லாத் தமிழனும் இதைத்தான் சொல்கிறான்" என்றார்கள். அடிக்கு நடுவே அவர் பார்வை என்மேல் விழுந்தது. எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்தவர். இவர்கள்தான் தமிழர் என்று ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும், அவரை விட்டிருப்பார்கள். நீட்டவில்லை. சிங்களக் கண்டக்டர்தான், "இவர் எங்கள் ஊர்ச் சிங்களவர்" என்று கெஞ்சி அவரை மீட்டார்.

பஸ் நகர்ந்ததும் கைக்குட்டையைக் கொடுத்தேன். வாய் ரத்தத்தைத் துடைத்தபடி தணிந்த குரலில், தோட்டங்களில் விற்றுப் பழகிய தமிழில் சொன்னார்: "தங்கச்சி, எறங்குற வரைக்கும் பேச வேணாம்."

பன்னிரண்டு மணிக்கு இறங்கினோம். அக்கா பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் தம்பி என்னருகில் வந்து உட்கார்ந்தான். பிறகு கேட்டான்.

"ரத்தத்தப் பாத்தா தெரியுமாக்கா, யாரு எவருன்னு?"

"தெரியாதுடா."

"அப்ப அவனுங்க எதத்தான் பாத்தானுங்க?"

அவர்கள் பார்த்தது ஒரு கவுனையும் இரண்டு காதுத் துளைகளையும்தான். ஒரே வயிற்றில் பிறந்தவர்களைப் பிரிக்க அது போதுமானதாக இருந்தது.

இன்று அந்தப் பாதையில் போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள். பிற்பகலில் பனி மூடினால் வளைவுகள் தெரியாது. கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். வழியெல்லாம் அழகுதான், மறுக்கமாட்டேன். ஆனால், "உங்களைப் பார்த்தா தமிழ்னே சொல்ல முடியாது" என்று யாராவது பாராட்டாகச் சொன்னால், இந்த வயதிலும் எனக்கு "நோனா, பயப்படாதீங்க" என்ற குரல்தான் கேட்கிறது.